படருவதும் வளருவதும்: ஆரோக்கியமான உபதேசம், பரிசுத்த ஜீவியம், சபை வளர்ச்சி

[திரையில்: ஆலயச் சுவரில் ஒரு கரும்பலகை. சுண்ணக்கட்டியால் எழுதிய எண்கள்: சென்ற ஞாயிறு வருகை, காணிக்கை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்.]

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நம் கண் தானாகவே இந்தப் பலகைக்குப் போகும். போன வாரத்தைவிட இருபது பேர் கூடியிருந்தால் மனதுக்குள் ஒரு சந்தோஷம். குறைந்திருந்தால் "மழை அல்லவா" என்று ஒரு சமாதானம். சபை வளர்கிறதா என்ற கேள்விக்கு இந்த எண்களே பதில் என்று நாம் பழகிவிட்டோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகள் ஒரு சபையில் செயலாளராக இருந்தேன். ஆண்டறிக்கை எழுதுவது என் பொறுப்பு. ஓர் ஆண்டு புதிய அங்கத்தினர் பட்டியல் நீளமாக வந்தது. அறிக்கையை வாசித்தபோது சபையார் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய்ப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அநேகமாக எல்லோரும் வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பழைய போதகரோடு சண்டை, ஒருவருக்கு எங்கள் பாடல் குழு பிடித்திருந்தது, ஒருவருக்கு எங்கள் ஆலயம் வீட்டுக்குப் பக்கம். மீதிப் பேர் எங்கள் பிள்ளைகள். வளர்ந்து திடப்படுத்தல் எடுத்து முழு அங்கத்தினரானவர்கள். கிறிஸ்துவையே அறியாதிருந்து அந்த ஆண்டு விசுவாசத்துக்கு வந்தவர் யார் என்று தேடினேன். ஒருவரும் இல்லை.

[திரையில்: மூன்று கூடைகள்.]

சபை வளர்ச்சியை ஒரு தனிப் படிப்பாகவே ஆக்கிய டொனால்டு மெக்கவ்ரன் என்ற மிஷனரி, வளர்ச்சியை மூன்றாகப் பிரித்தார். விசுவாசிகளின் பிள்ளைகளால் வருவது ஒன்று. வேறு சபையிலிருந்து இடம் மாறி வருவது இன்னொன்று. மனந்திரும்புதலால் வருவது மூன்றாவது. என் பட்டியலில் முதல் இரண்டு கூடைகளும் நிரம்பி வழிந்தன, மூன்றாவது காலி. இரண்டாவது கூடைக்கு நம் சபைகளில் ஒரு பெயர் உண்டு: ஆடு திருடுதல். பக்கத்துச் சபையார் நம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சொல் வெளியே வரும்.

இங்கே ஒரு பழைய கடிதத்துக்குப் போகலாம்.

[திரையில்: தோல்சுருள். மங்கிய விளக்கொளி.]

பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் மருத்துவச் சொற்கள் இரண்டு எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று "ஆரோக்கியமான உபதேசம்". கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் ஹுகியாய்னோ. உடல் நலமாக இருப்பதைக் குறிப்பது. இன்று சுகாதாரத்துக்கு ஆங்கிலம் வழங்கும் ஹைஜீன் (hygiene) என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். மற்றது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது: கள்ளப் போதகரின் வார்த்தை "அரிபிளவையைப்போலப் படரும்". அரிபிளவை என்றால் சதையை அழுகவைத்துக்கொண்டே பரவும் புண்.

"படரும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கள்ளப் போதனை தேய்ந்துபோகும் என்று பவுல் ஆறுதல் சொல்லவில்லை. அது படரும், ஆட்கள் சேருவார்கள், பலகையில் எண் கூடும். அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், செவித்தினவுள்ள ஜனங்கள் தங்கள் இச்சைக்கேற்ற போதகர்களைத் "திரளாக" சேர்த்துக்கொள்வார்கள் என்கிறார். செவித்தினவு! தமிழ் வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. காது அரிக்கிறது, சொறிந்துவிட ஆள் வேண்டும். கூட்டம் கூடுவதற்கு அது ஒன்றே போதும்.

ஆகவே எண்ணிக்கை கூடுவதை மட்டும் வைத்து, அது உடல் வளர்வதா புண் பரவுவதா என்று சொல்லிவிட முடியாது. பரிசோதிக்க வேறு வழி வேண்டும். அதற்கு ஒரு சபையின் கதையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம்.

[திரையில்: எபேசு. கடலை நோக்கிய அகன்ற வீதி, தூண்கள்.]

எபேசு. ரோமப் பேரரசின் ஆசியா மாகாணத்தின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பெருநகரம். அர்தெமி தேவிக்குக் கோயில் இருந்த ஊர். அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரம். பவுல் அங்கே செய்த முதன்மையான வேலை என்ன? திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் அநுதினமும் சம்பாஷித்தார். ஒரு வாரக் கூட்டமோ மூன்று நாள் எழுப்புதல் கூட்டமோ இல்லை, இரண்டு வருஷம் நாள்தோறும் உபதேசம். அந்த இரண்டு வருஷத்தில் ஆசியாவில் குடியிருந்த யூதரும் கிரேக்கரும் கர்த்தருடைய வசனத்தைக் கேட்டார்கள் என்று அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் லூக்கா எழுதுகிறார். அற்புதங்களும் நடந்தன, அதையும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூட அறையைத்தான் முதலில் காட்டுகிறார்.

அடுத்து ஒரு விபரீதம். ஸ்கேவா என்ற யூதனின் குமாரர் ஏழு பேர் இயேசுவின் நாமத்தை மந்திரம்போல உச்சரிக்கப் போய், பிசாசு பிடித்தவனிடம் அடிபட்டு ஓடினார்கள். செய்தி ஊரெல்லாம் பரவியது, பயம் பிடித்தது. உடனே என்ன நடந்தது?

[திரையில்: நெருப்பு. சுருள்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன.]

"விசுவாசித்தவர்களில் அநேகர்" வந்து தங்கள் செய்கைகளை வெளிப்படுத்தி அறிக்கையிட்டார்கள். இந்த இடத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். வந்து அறிக்கையிட்டவர்கள் ஏற்கெனவே விசுவாசிகள்! திறன்னுவின் பள்ளியில் உபதேசம் கேட்டுவிட்டு, வீட்டுப் பெட்டியில் பழைய பழக்கங்களைப் பூட்டி வைத்திருந்தவர்கள். உபதேசம் காதுக்கு வந்திருந்தது, பெட்டிவரை போகவில்லை. பெட்டி இப்போது திறந்தது. மாயவித்தைப் புத்தகங்களை எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். கிரயம் 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஏறத்தாழ ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்று வைத்தால், ஒருவன் ஒரு நாளும் ஓயாமல் 137 ஆண்டுகள் உழைத்த பணம். விற்றிருந்தால் அழகான ஆலயம் ஒன்றைக் கட்டியிருக்கலாம் என்று அந்தச் சபையின் பொருளாளர் நினைத்திருப்பாரோ என்னவோ.

நெருப்பு அணைந்ததும் லூக்கா எழுதும் அடுத்த வரி: "இவ்வளவு பலமாய்க் கர்த்தருடைய வசனம் விருத்தியடைந்து மேற்கொண்டது." உபதேசம் இரண்டு வருஷம். பிறகு அறிக்கை, விட்டுவிடுதல். பிறகு விருத்தி. விருத்தியடைந்ததாக அவர் சொல்வதும் சபையை அல்ல, வசனத்தை.

அந்த விருத்தி ஊருக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? தெமேத்திரியு என்ற தட்டான், தன் தொழில் அற்றுப்போகும் அபாயம் வந்துவிட்டது என்று கூட்டம் கூட்டினான். வெள்ளியால் சிறு கோயில்களைச் செய்து பிழைத்தவன் அவன். சந்தைக்காரன் பயப்படுகிற அளவுக்கு மக்கள் வாழ்க்கை மாறியிருந்தது.

[திரையில்: அதே நகரம், சில ஆண்டுகள் கழித்து.]

பின்னர் அதே எபேசுவில் தீமோத்தேயுவை நிறுத்திவிட்டுப் பவுல் அவருக்கு முதலாம் நிருபத்தை எழுதுகிறார். உபதேசக் கோளாறுகள் புகுந்துவிட்டன. ஆனால் கோளாறு எங்கே தொடங்கியது என்று அவர் சொல்வதைப் பாருங்கள்: சிலர் நல்மனச்சாட்சியைத் தள்ளிவிட்டு, விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினார்கள். பெயரும் சொல்கிறார்: இமெநே, அலெக்சந்தர். முதலில் போனது மனச்சாட்சி. உபதேசம் அதன் பின்னால் உடைந்தது. அதே இமெநே அடுத்த நிருபத்தில், உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று போதிப்பவனாக வந்து நிற்கிறான்.

தப்பான போதனையால் தப்பான வாழ்க்கை வரும் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம், உண்மைதான். எதிர்த்திசையிலும் வண்டி ஓடும். தன் வாழ்க்கைக்கு வசதியாக ஒருவன் உபதேசத்தைத் திருத்திக்கொள்வான். அதனால்தான் "உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு" என்கிறார் பவுல். "உன்னை" முதலில் வருகிறது. சபையை மேற்பார்க்கும் கண்காணிக்கு இருக்கவேண்டிய தகுதிகளை முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எண்ணிப் பாருங்கள். போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் தெரிந்தவன், என்பது ஒன்றுதான் திறமை. மற்றவை ஏறக்குறைய எல்லாம் குணம்: மதுபானப்பிரியன் அல்ல, அடிக்கிறவன் அல்ல, பண ஆசையுள்ளவன் அல்ல.

[திரையில்: ஒரு ரோமானிய வீட்டின் சமையற்கட்டு. ஒரு அடிமை பாத்திரத்தை மூடி வைக்கிறான்.]

தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. வேலைக்காரராகிய அடிமைகள் திருடாமல் உண்மையாக இருந்தால், அவர்கள் இரட்சகராகிய தேவனுடைய உபதேசத்தை "அலங்கரிக்கிறார்கள்" என்கிறார். அன்றைய சமுதாயத்தில் பேச்சுரிமை இல்லாதவன், பிரசங்கமே செய்ய முடியாதவன், எஜமானின் களஞ்சியத்திலிருந்து ஒரு பிடி தானியம் எடுக்காததால் உபதேசத்துக்கு நகை பூட்டுகிறான். எஜமான் அந்த நகையைத்தான் முதலில் பார்க்கிறான். உபதேசத்தைப் பிறகு விசாரிக்கிறான்.

வெளியாள் ஒருவரின் சாட்சியும் நம்மிடம் இருக்கிறது.

[திரையில்: கருங்கடலோரம், பித்தினியா. ஒரு அதிகாரி எழுதுகிறார்.]

ஏறத்தாழ கி.பி. 112. பித்தினியா–பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சபையில் பணிவிடைக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தே விசாரித்திருக்கிறார். கண்டுபிடித்தது இவ்வளவுதான்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதிப் பாட்டுப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைக் கேட்டால் மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். பாட்டில் உபதேசம், ஆணையில் ஜீவியம். சபையின் எதிரி எழுதிய ஒரே பத்தியில் இரண்டும் இருக்கின்றன. அதே கடிதத்தில், இது நகரங்களில் மட்டுமல்லாமல் கிராமங்களிலும் நாட்டுப்புறத்திலும் பரவிவிட்டது, கோயில்கள் வெறிச்சோடிப் போயிருந்தன என்றும் புலம்புகிறார்.

அந்தச் சபைக்குள் நுழைவது எளிதாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்த நூற்றாண்டுகளில் ஞானஸ்நானத்துக்கு முன் நீண்ட ஆயத்தம் வழக்கமானது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் எல்விராவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் அதை இரண்டு ஆண்டு என்று வகுத்தது. கி.பி. 325-இல் நிசேயா சங்கத்துக்கு ஒரு புகார் வந்தது: நேற்று வந்தவர்களை அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, கையோடு மூப்பராகவும் கண்காணியாகவும் ஆக்கிவிடுகிறார்கள் என்று. சங்கம் அதைத் தடை செய்தது. அவசரம் நம் காலத்து நோய் மட்டும் இல்லை என்பது ஒரு வகையில் ஆறுதல்.

[திரையில்: 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. ஒரு நாட்குறிப்பேடு.]

இன்னொரு கணக்கேடு. 1743 மார்ச், நியூகாசில். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சங்கத்தாரை ஒவ்வொருவராக விசாரித்து 64 பேரை நீக்குகிறார். காரணத்தையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சபித்துப் பேசியதற்காக 2 பேர். ஓய்வுநாளை வழக்கமாக மீறியதற்காக 2. குடிவெறிக்கு 17. சாராயம் விற்றதற்கு 2. சண்டைக்கு 3. மனைவியை அடித்ததற்கு ஒருவர். பொய்க்கு 3. தூஷணத்துக்கு 4. சோம்பலுக்கு ஒருவர். கடைசியில், அலட்சியத்துக்காக 29 பேர். கூட்டிப் பாருங்கள், சரியாக 64 வரும்.

பலகையில் எண் குறைகிற வேலை இது. எந்தச் செயலாளரும் இதை ஆண்டறிக்கையில் போட விரும்பமாட்டார். ஆனால் 1791-இல் வெஸ்லி இறந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து அந்தச் சங்கங்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இடைவிடாத பிரசங்கம் ஒரு காரணம். ஏறத்தாழ பன்னிரண்டு பேராகப் பிரிந்து வாரந்தோறும் கூடி ஒருவரை ஒருவர் விசாரித்த வகுப்புகள் இன்னொன்று. அந்த வகுப்புகள் பிறந்த கதை வேடிக்கையானது. 1742-இல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் பிரித்த குழுக்கள் அவை. பணம் வாங்கப் போனவர்கள், வீட்டுக்குள் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சரியாகப் போதித்துச் சரியாக வாழ்ந்தால் கூட்டம் கட்டாயம் பெருகும் என்று யாராவது சூத்திரம் போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளில் கண்டனமே பெறாதவை இரண்டு: சிமிர்னா, பிலதெல்பியா. ஒன்று தரித்திரத்தில் இருந்தது, மற்றதற்கு "கொஞ்சம் பெலன்". ஐசுவரியம் பெருகியிருந்த லவோதிக்கேயாவுக்குத்தான் வாந்திபண்ணிப்போடுவேன் என்ற வார்த்தை வந்தது. நடுவதும் நீர்ப்பாய்ச்சுவதும் நம் கையில். விளையச்செய்கிறவர் தேவன் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்டிருக்கிறது.

எபேசுவின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துப் பிடித்த சபை அது. உபதேசத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்". உபதேசத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகிற சபைகளை நானும் பார்த்திருக்கிறேன். பரிசுத்தம் என்பது அடுத்தவர் உடையை அளப்பது என்று நினைக்கிறவர்களையும்.

[திரையில்: ஒரு பதிவேடு. பேனா ஒரு புதிய கோடு இழுக்கிறது.]

அந்த ஆண்டறிக்கைக்குப் பிறகு எங்கள் அங்கத்தினர் பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டினேன்: "எந்தச் சபையிலிருந்து வந்தார்?" வெகுநாள் அதில் சபைப் பெயர்கள்தான் நிரம்பின. ஒரு நாள் ஒருவர் வந்தார். எந்தச் சபை என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டபோது எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் பெயரைச் சொன்னார். இருவரும் ஒரே அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பொய்யான ஒரு கணக்கில் கையெழுத்துப் போட அந்தச் சகோதரி மறுத்ததையும், அதற்காகப் பட்ட பாட்டையும் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தச் சகோதரி இதை எங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன் அந்தப் புதியவர் ஐந்து மாதம் படித்தார். திரித்துவத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடி எங்கள் போதகர் இரண்டு முறை வகுப்பைத் தள்ளிவைத்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அந்தப் பத்தியை வெறுமையாகவே விட்டேன்.

[திரையில்: பதிவேட்டின் அந்தப் பக்கம். பெயருக்கு நேரே ஒரு வெற்றிடம்.]