புகைபோக்கிக்கு மேலே ஒரு சாண்

(காசிமேட்டில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. எழுதும்போது கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வாசலில் நிற்பவர்கள் உள்ளே வந்து உட்காருங்கள், பாய் இருக்கிறது.

போன மாதம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பெரியவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் வானம் பார்க்கிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. "சார், நான் ஒண்ணு பார்த்தேன், சொன்னா நம்ப மாட்டீங்க" என்று ஆரம்பித்தார். நடுராத்திரி, படகில் இருக்கிறார். வடக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் எழும்பி, மேலே போய், கடல் பக்கம் சாய்ந்து மறைந்துவிட்டது. சத்தமே இல்லை. எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். "ரெண்டு மைல் இருக்கும்." எவ்வளவு உயரம்? "நாலு தென்ன மரம்."

இந்த இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். இருட்டில் தெரியும் வெளிச்சம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தான் தூரத்தைச் சொல்லலாம். தூரம் தெரிந்தால்தான் அளவைச் சொல்லலாம். இரண்டும் தெரியாதபோது மின்மினியும் நட்சத்திரமும் கண்ணுக்கு ஒரே புள்ளிதான்.

அப்புறம் வேறு மாதிரி கேட்டேன்: எதுக்கு மேலே பார்த்தீங்க, கையால காட்டுங்க. அவர் ஊசியைக் கீழே வைத்தார். காய்த்துப்போன கை, ஆள்காட்டி விரலில் நைலான் அறுத்த தழும்பு. கையை நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, "அனல்மின் நிலையப் புகைபோக்கியில சிவப்பு லைட்டு எரியுமே, அதுக்கு மேல இத்தோட. ஒரு சாண்" என்றார்.

இது தங்கம். நீட்டிய கையில் ஒரு சாண் என்றால் வானத்தில் சுமார் 20 டிகிரி. மூடிய முஷ்டி 10 டிகிரி, சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. கையை நீட்டி முழுநிலாவை மறைக்க எந்த விரல் வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் கட்டைவிரல் என்பார்கள், சிலர் முஷ்டி என்பார்கள். சுண்டுவிரலே அதிகம். நிலா அரை டிகிரிதான். இன்றைக்கே வீட்டில் பந்தயம் கட்டிப் பாருங்கள்.

எப்போது என்று கேட்டேன். வருஷம் நினைவில்லை, ஆனால் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி என்பது நினைவிருந்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். 2022 அக்டோபர் 23, நள்ளிரவு 12:07. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ராக்கெட் 36 செயற்கைக்கோள்களோடு கிளம்பியிருக்கிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். சத்தம் அவ்வளவு தூரம் வர நாலு நிமிஷம் ஆகும். வந்தாலும் படகு இன்ஜினை மீறி எங்கே கேட்கப்போகிறது? மறுநாள் போய்ச் சொன்னேன். "ராக்கெட்டு எனக்குத் தெரியாதா சார்? அது பகல்ல இல்ல போவும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் ராணுவத்தினரே மர்ம வெளிச்சங்களை முந்நூறு தடவைக்கு மேல் பார்த்துப் பதிவு செய்தார்கள். சீனாவின் வேவு விமானங்களோ என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்கள் ஆராய்ந்து சொன்னது: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. நம் ஆட்கள் தினமும் பார்க்கிற விடிவெள்ளிதான்!

அசையாத கிரகம் எப்படி நகர்ந்தது என்று கேட்பீர்கள். கரண்ட் போன ராத்திரி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அறையின் மறுமுனையில் வைத்து, அந்த நெருப்புப் பொட்டையே உற்றுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அது நகர ஆரம்பிக்கும். ஊதுபத்தி அங்கேயேதான் இருக்கும். சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாதபோது கண் இப்படித்தான் தடுமாறும். ஆடுகிற படகில் கேட்கவே வேண்டாம்.

நம் பக்கத்து வெளிச்சங்கள் வேறு இருக்கின்றன. மணலி ஆலையில் எரியும் தீ, மழைமேகம் தாழ்ந்திருக்கும் நாளில் வானத்தையே சிவக்க வைக்கும். கடலிலிருந்து நம்மை நோக்கி நேராக வரும் விமானம் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். 2019-க்கு அப்புறம் ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள்கள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாகப் போகின்றன. நடுவானத்தில் சட்டென்று அணைந்துபோனால் பயப்படாதீர்கள், செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கும்.

நல்ல சாட்சி எப்படி இருக்கும் என்றால் நான் கூடலூர் கிழாரைச் சொல்வேன். புறநானூறு 229. வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைப் பார்க்கிறார். பங்குனியின் முதல் பாதி, நள்ளிரவு, உச்சியிலிருந்து எந்த நட்சத்திரம் சாய்ந்தது, எதிரே எது எழுந்தது, எது இறங்கியது, விழுந்தது கிழக்கிலும் இல்லை வடக்கிலும் இல்லை என்று எல்லாம் சொல்லிவிடுகிறார். ஏழாம் நாள் சேர மன்னன் இறந்தான், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டது அந்தக் காலத்து அச்சம். முடிச்சை விடுங்கள். பார்த்ததை அவர் சொல்லியிருக்கும் விதத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடுமா? கிடைக்காது. வானில் தெரிந்த மர்மப் பொருள்களைப் பற்றிய தன் விசாரணையை அமெரிக்க விமானப்படை 1969-ல் மூடியபோது கணக்கில் இருந்தவை 12,618. அடையாளம் தெரியாமல் நின்றவை 701. அடையாளம் தெரியவில்லை என்றால் அவ்வளவுதான் அர்த்தம். வேற்றுக்கிரகம் என்று அர்த்தமில்லை.

என்னிடமும் ஒன்று நிற்கிறது. இரண்டு வருஷம் முன்னால் கார்த்திகை மாதம், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. வெளிர்பச்சையில் ஒன்று மெதுவாகப் போனது. வீட்டுக்காரியைக் கூப்பிடக் கீழே ஓடினேன். வந்து பார்த்தால் இல்லை. உடனே நோட்டை எடுத்து எழுதினேன். போன வாரம் இந்தப் பேச்சுக்காக அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். திசை: வடகிழக்கு. நிறம்: வெளிர்பச்சை. உயரம்: 'ரொம்ப மேலே'. நேரம்: 'சாப்பாட்டுக்கு அப்புறம்'.