நாணற்குழல் வீட்டுக்கு வந்த விருந்தாளி

அவையில் கூடியுள்ள இசை அன்பர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரும்பாலும் ஒரே ஒரு படைப்பைப் பற்றித்தான். ஈரானின் ஹொசைன் அலிசாதே 1983ஆம் ஆண்டில் நாணற்குழலுக்கும் மேலைநாட்டுத் தந்தி இசைக்குழுவுக்குமாக இயற்றிய 'நேய்நவா' அது. பாரசீகர்கள் அந்தக் குழலை 'நெய்' என்றே அழைக்கிறார்கள். அப்படியே சொன்னால் நமக்குச் சமையலறை நினைவு வந்துவிடும் என்பதால் நான் நெடிலாக்கி 'நேய்' என்கிறேன். பாரசீகம் அறிந்தவர்கள் பொறுத்தருள்க.

இரண்டு இசைமரபுகளைக் 'கலப்பது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கலக்கும்போது இரண்டில் எது தன் சுருதியை விட்டுக்கொடுத்தது என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். ஈரானில் இந்தக் கேள்வி புதியதன்று. 1868இல் ஆல்ஃபிரட் லெமேர் என்ற பிரெஞ்சுக்காரர் படை வாத்தியக்குழுவைப் பயிற்றுவிக்கத் தெஹ்ரானுக்கு வந்ததிலிருந்தே, மேலை இசைக்குறியீடும் அதன் பன்னிரண்டு சுரங்களும் அங்கே குடியேறத் தொடங்கிவிட்டன. ஆனால் பாரசீக இசையோ அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்காது. 'ரி' என்ற சுரம், வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே, பியானோவில் விரல் வைக்கவே இடமில்லாத ஓரிடத்தில் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். அந்தக் கால் சுரத் தாழ்வைக் குறிக்க, பாரிசிலும் பெர்லினிலும் பயின்று திரும்பிய அலி நகி வசீரி 'கொரோன்' என்ற பெயரையும் குறியையும் வகுத்தார். இந்த இடத்துக்காகவே தெஹ்ரான் வானொலியின் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் மொர்தசா மஹ்ஜூபி, பியானோவின் தந்திகளையே திருகிச் சுருதி மாற்றிக்கொண்டு வாசித்தார்.

வயலினுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீணையில் இருப்பதுபோன்ற மெட்டுக்கட்டைகள் அதில் கிடையாது. விரல் எங்கே அழுத்துகிறதோ அங்கே சுரம். சிக்கல் இருப்பது ஒத்திசையில்தான். மேலை இசையில் மூன்று சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்தால், நடுச் சுரத்தின் இடத்தைப் பொறுத்து அது 'மேஜர்', 'மைனர்' என்ற இரண்டு வகைகளில் ஒன்றாக அமைகிறது. அந்த நடுச் சுரம் கொரோனாக இருந்துவிட்டால் இரண்டும் இல்லை. ஆகவே, ஒத்திசைக்கு ஏற்றபடி கொரோனைப் பக்கத்துச் சுரத்துக்கு நகர்த்திவிடும் வழக்கம் பல இசையமைப்பாளர்களிடம் இருந்தது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பாரசீகத்தின் நிறம் போய்விடும்.

அலிசாதே 1951இல் தெஹ்ரானில் பிறந்தவர். தார், சேதார் என்ற நரம்புக்கருவிகளில் தேர்ந்தவர். அலி அக்பர் ஷஹ்னாசி, நூர் அலி புரூமந்த் போன்ற பெரியவர்களிடம் 'ரதீஃப்' என்னும் பாடத்தொகுதியை நேரில் கற்றவர். பின்னர் பெர்லினில் இசையமைப்பும் பயின்றவர். ரதீஃபில் ஏழு தஸ்த்காஹ்கள் உண்டு. தஸ்த்காஹை நம் இராகம் என்று சொல்லிவிடுவது அவசரம்; 'கூஷே' என்ற சிறு சிறு இசைத்துணுக்குகள் ஒரு வரிசையில் ஏறி, இறுதியில் 'ஃபோரூத்' என்னும் இறக்கத்தில் வீடு திரும்பும் ஒரு பயணம் அது.

இப்போது அந்தக் குழலை அருகில் சென்று பார்ப்போம். கணுக்கள் ஏழு பகுதிகளாகப் பிரித்த ஒரு நாணல். முன்புறம் ஐந்து துளைகள், பின்புறம் ஒன்று. ஈரானியக் கலைஞர் அதை உதட்டில் வைத்து ஊதுவதில்லை. விளிம்பை மேற்பற்களுக்கு இடையே செருகி, மேலுதட்டால் மூடி, நாக்கினால் காற்றுக்கு வழி வகுக்கிறார். அதனால்தான் அந்த ஒலியில் சுரத்தோடு மூச்சும் சேர்ந்தே கேட்கிறது. நாணற்காட்டிலிருந்து வெட்டப்பட்ட குழலின் முறையீட்டோடு பாரசீகக் கவிஞர் ரூமி தம் 'மஸ்னவி'யைத் தொடங்கியதற்கு இந்த ஒலியைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அலிசாதே இந்தக் குழலை வயலின்களுக்கு நடுவே நிறுத்தியபோது, ஒரு தனிக்கருவியைக் குழுவோடு எதிரெதிராக நிறுத்தும் மேலை இசையின் 'கான்செர்டோ' வடிவத்துக்குள் அதை அடைக்கவில்லை. படைப்பின் பெரும்பாலான பகுதிகளுக்கு 'தராமத்', 'ஜாமெதரான்', 'நஹோஃப்த்', 'ஃபோரூத்' என்று ரதீஃபின் பெயர்களே இருக்கின்றன. நவா என்ற தஸ்த்காஹின் பாதையில்தான் முழுக்குழுவும் நடக்கிறது. குழல் ஒரு தொடரை முடிக்கும்வரை தந்திகள் நீண்ட சுரங்களில் காத்திருந்து, பிறகு அந்தத் தொடரின் வாலைப் பற்றிக்கொண்டு விரிப்பதாகவே என் செவிக்குப் படுகிறது. விருந்தாளி வீட்டுக்காரரின் வழக்கப்படி கைகால் கழுவிவிட்டு உள்ளே வருவதைப் போன்றது இது.

பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. குழலின் இசை என்பது ஒரு பொருள். நவா தஸ்த்காஹ் மற்றொன்று. மூன்றாவதாக, பாரசீகக் காதுக்கு 'நேய்நவா' என்பது, நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவையும் குறிக்கும். ஈராக்குடன் நடந்த போரில் இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்த 1983இல், அந்தச் சொல்லைக் கேட்ட ஈரானியருக்கு எந்தத் துயரம் நினைவுக்கு வந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எது தன் சுருதியை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்டவர் ரேசா வாலி. 1952இல் கஸ்வீனில் பிறந்து, தெஹ்ரானிலும் வியன்னாவிலும் பயின்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குடியேறி, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இசையமைப்புக் கற்பித்தவர். நாட்டுப்பாடல்களை மேலைக் குழுவுக்கு அமைத்துக்கொண்டிருந்த அவர், பின்னாளில் பன்னிரண்டு சமச்சுர முறையையே விட்டுவிட்டுப் பாரசீகச் சுர இடைவெளிகளில் எழுதத் தொடங்கினார். நான்கு தந்திக்கருவிகளுக்கான அவருடைய படைப்புகளை வாசிக்க வேண்டுமானால், சிறுவயது முதல் பழகிய விரலிடங்களை வயலின் கலைஞர் மறந்தாக வேண்டும். அலிசாதேயின் வழி மென்மையானது, வாலியின் வழி பிடிவாதமானது. எனக்குப் பிடிவாதத்தின்மீது மதிப்பு அதிகம், ஆயினும் திரும்பத் திரும்பக் கேட்பது அலிசாதேயைத்தான்.

இனி 'நேய்நவா'வின் முதற்பகுதியை ஒலிபரப்பச் சொல்லியிருக்கிறேன். குழல் வாசிப்பவர் ஜம்ஷீத் அந்தலீபி. தந்திகளைத் தனியே கேட்காதீர்கள், குழலின் இரண்டு தொடர்களுக்கு நடுவே விழும் மௌனத்தில் தந்திகள் என்ன செய்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.