தேர் வடமும் முட்டுக்கட்டையும்

(கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோ பகுதியில் நடந்த முதியோர் ஒன்றுகூடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட மாநகரசபை உறுப்பினர் அவர்களே, சீருடை போடாமல் சாதாரணச் சட்டையில் வந்து மூன்றாம் வரிசையில் இருக்கும் பொலிஸ் அதிகாரி அவர்களே, மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த அறங்காவலர்களே, பின்கதவடியில் வடை சுட்டுக்கொண்டிருப்பதால் நான் சொல்வது காதில் விழாத தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையும் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன முறை பொருளாளரை விட்டுவிட்டு ஒரு வருடம் பேச்சு வாங்கினேன். பொருளாளர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம்.

மூன்று விடயங்கள் எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பொலிஸும் ஊர்ச்சனமும் சேர்ந்து துவக்கு, அதாவது துப்பாக்கி, அதனால் நடக்கும் கொலைகளைக் குறைத்த கதை. இரண்டு, நம் நகரத்துக்குத் துவக்கு எங்கிருந்து வருகிறது. மூன்று, பெற்றோர் வீட்டில் என்ன செய்யலாம். மூன்றையும் முடிப்பேனா என்பது அந்த மணிக்கூட்டின் கையில்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தத் தேரை இழுத்துக்கொண்டு வருவேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீரிழிவு பற்றிய கூட்டத்துக்கே இழுத்து வந்தவன் நான். ஆனால் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற ஆயிரம் பேரோடு வேறு இரண்டு பேரும் நடப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? சில்லுக்குப் பக்கத்தில், கையில் முட்டுக்கட்டையோடு. தேர் மூலையில் திரும்ப வேண்டும், பள்ளத்தில் ஓடிவிடக் கூடாது என்றால் சரியான நொடியில் கட்டையைப் போட வேண்டும். என் கணக்கில் பொலிஸ் அந்த முட்டுக்கட்டைக்காரர். அவர் இல்லாமல் தேர் ஓடினால் ஆளை நசுக்கும். அவர் மட்டும் நின்றால் தேர் நகராது.

பொஸ்டனுக்கு வருவோம். 1990இல் அந்த நகரில் 152 கொலைகள். அதற்கு முந்தைய ஆண்டு, 1989 அக்டோபரில், ஒரு வெள்ளைக்காரர் கர்ப்பிணியான தன் மனைவியைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு, ஒரு கறுப்பன்தான் சுட்டான் என்று சொன்னார். பொலிஸ் நம்பியது. மிஷன் ஹில் என்ற கறுப்பின மக்களின் பகுதியில் கண்ட பெடியனை எல்லாம் சுவரோடு நிறுத்திச் சோதித்தார்கள். உண்மை வெளிவந்தபோது, 1990 ஜனவரியில், அந்த மனிதர் பாலத்திலிருந்து குதித்துச் செத்தார். தவறாகச் சந்தேகிக்கப்பட்ட இருவரிடம் நகர மேயர் மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். 34 வருடம்! அந்தப் பகுதிச் சனம் பொலிஸுக்குத் தகவல் சொல்லவில்லை என்றால் அது சனத்தின் குற்றமா?

நமக்கும் இது புரியும். 1999 என்று நினைக்கிறேன், நாங்கள் இருந்த தொடர்மாடியின் கீழே இரவு பதினொரு மணிக்கு இரண்டு வெடிச்சத்தம். பொலிஸ் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டியது. நான் சன்னலால் எல்லாவற்றையும் பார்த்தவன். கதவைத் திறந்து, "நான் நித்திரை, சேர்" என்றேன். சப்பாத்தோடு நின்று நித்திரை என்று சொன்ன ஒரே ஆள் நான்தான் இருப்பேன். இலங்கையில், ஊரில், இரவில் கதவு தட்டப்பட்டால் என்ன நடக்கும் என்று பார்த்து வந்த சனம் நாங்கள். கனடா பொலிஸ் வேறு என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் நம் பெடியள் கும்பல் கும்பலாகப் பிரிந்து சுட்டுக்கொண்டதை மறைக்க வேண்டாம். கும்பலோடு சம்பந்தமே இல்லாதவர்களும் செத்தார்கள். 2001இல் பொலிஸ் வலை விரித்து நம் பெடியள் பலரை ஒரேயடியாகப் பிடித்தது, சிலரை நாடு கடத்தவும் பார்த்தது. ஆனால் அதற்கு முன்பே, தொண்ணூறுகளின் கடைசியில், நம் இளைஞர்களே ஓர் இளையோர் மையம் தொடங்கி, தம்பிமாரோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. சரி.

பொஸ்டனில் திருப்பம் எங்கே வந்தது தெரியுமா? ஒரு செத்தவீட்டில். 1992 மே மாதம், மோர்னிங் ஸ்டார் தேவாலயம். சுடப்பட்டுச் செத்த ஒரு பெடியனுக்கு இறுதிப் பூசை நடக்கிறது. நடுவில் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து இன்னொருவனைத் துரத்தி அடித்துக் கத்தியால் குத்தியது. துவக்கு வெடியும் கேட்டது. பெட்டிக்குள் ஒரு பிணம் கிடக்கும்போதே! அன்றுதான் போதகர்களுக்கு உறைத்தது. நாங்கள் கோயிலுக்குள் நின்றுகொண்டு பெடியள் வரவில்லை என்கிறோம், பெடியள் வந்தார்கள், கத்தியோடு வந்தார்கள் என்று. 'டென் பொயின்ட்' கூட்டணி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜெப்ரி பிரவுன் போன்ற போதகர்கள் வெள்ளி இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை பொஸ்டனின் டோர்செஸ்டர் பகுதித் தெருக்களில் நடந்தார்கள். முதல் கிழமைகளில் ஒரு பெடியனும் கதைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள்: இவர்கள் அடுத்த வெள்ளியும் வருவார்களா, அல்லது தொலைக்காட்சிக் கமெராவோடு ஒருநாள் வந்துவிட்டுப் போகிற ஆட்களா? மழையிலும் வந்தார்கள். பிரசங்கம் செய்யவில்லை. கேட்டார்கள். நம்மால் முடியுமா? ஐந்து நிமிடம் புத்திமதி சொல்லாமல் ஒரு பெடியனுக்குப் பக்கத்தில் நின்றவர் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். (ஒருவர் தூக்கினார். அவர் காது கேளாதவர், விடுங்கள்.)

யூஜின் ரிவர்ஸ் என்று இன்னொரு போதகர். பெடியள் ஏன் எங்களிடம் வராமல் உன்னிடம் வருகிறார்கள் என்று போதைத்தூள் விற்கிற ஒருவனிடமே கேட்டாராம். அவன் சொன்ன பதிலை நான் நம் பாஷையில் சொல்கிறேன். காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது நான் நிற்கிறேன், நீங்கள் இல்லை. பின்னேரம் திரும்பி வரும்போதும் நான்தான் நிற்கிறேன். அம்மா பாண் வாங்க அனுப்பினாலும் வழியில் நிற்பது நான். நான் நிற்பதால் வெல்கிறேன், நீங்கள் இல்லாததால் தோற்கிறீர்கள். ஐயா, அம்மா, இதைவிடப் பெரிய பொருளாதார வகுப்பு இல்லை! ஆள் நிற்க வேண்டும். இதைக் குறித்து வையுங்கள், கடைசியில் திரும்பி வருவேன்.

பொலிஸ் என்ன செய்தது? 1996இல் 'சீஸ்பயர்', அதாவது சுடுவதை நிறுத்து, என்ற திட்டம். ஹார்வர்ட் ஆய்வாளர் டேவிட் கென்னடி முதலானவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தால், நகர இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத ஒரு சிறு தொகைக் கும்பல்காரர்தான் இளைஞர் கொலைகளில் பாதிக்கு மேல் சம்பந்தப்பட்டிருந்தார்கள். ஆகவே தெருவில் போகிற எல்லோரையும் தடவத் தேவையில்லை. அந்தச் சிலரை நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்தார்கள். கைது செய்ய அல்ல, பேச. பொலிஸ், அரச வழக்கறிஞர், நன்னடத்தை அதிகாரி, தெருப்பணியாளர், போதகர் எல்லோரும் ஒரே வரிசையில். இனிச் சுட்டால் உங்கள் கும்பல் முழுவதற்கும் எல்லாப் பக்கத்தாலும் நெருக்கடி, விட்டுவிட்டு வந்தால் வேலையும் உதவியும் என்றார்கள். பழைய குற்றங்கள் உள்ள ஒருவன் ஒரே ஒரு துவக்குச் சன்னத்தோடு பிடிபட்டு இருபது வருடத்துக்குக் கிட்டச் சிறை போன கதையையும் காட்டினார்கள். முட்டுக்கட்டை! ஆனால் வடம் பிடிக்க ஊரும் அங்கேயே நின்றது. 1999இல் கொலைகள் 31 ஆகின. நாடு முழுக்கவே குற்றம் குறைந்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும், எல்லாம் இவர்கள் சாதனை இல்லை. ஆனால் 2000இல் பொறுப்பானவர்கள் மாறி, திட்டம் கலைந்தபின் கொலைகள் மறுபடி ஏறின. வடத்தை விட்டால் தேர் எங்கே நிற்கும்?

ரொறன்ரோவில் 2005இல் 80 கொலைகள், அதில் 52 துவக்கால். 2006இல் பொலிஸ் ஒரு விசேடப் படையை இறக்கியது. சில தெருக்களில் சத்தம் குறைந்திருக்கும். ஆனால் நிறுத்தி, பெயர் கேட்டு, அட்டையில் எழுதுகிற வேலையில் கறுப்பினப் பெடியள்தான் திரும்பத் திரும்ப மாட்டினார்கள். பிறகு மாகாணம் அதைக் கட்டுப்படுத்தியது, அந்தப் படையும் கலைக்கப்பட்டது. 2012 ஜூலையில் நம் ஸ்காபரோவிலேயே டான்சிக் தெருக் கொண்டாட்டத்தில் இருவர் செத்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அதிகாரி அவர்களே, உங்களைக் குறைசொல்லவில்லை. கட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வடத்தை வாங்க மறந்துவிட்டார்கள் என்கிறேன்.

இரண்டாவது விடயம், துவக்கு. பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் அமெரிக்க எல்லையைத் தாண்டித்தான் வருகின்றன. இதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், ஆகவே விடுகிறேன். மூன்றாவது, பெற்றோர். அதுவும் என் கோரிக்கைக்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோரிக்கை பழையது, நீங்கள் கேட்டுச் சலித்தது. வெள்ளி, சனி இரவுகளில் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபங்களை பன்னிரண்டு மணிவரை இலவசமாகத் திறந்துவிடுங்கள்! நம் வரிப்பணத்தில் கட்டிய மண்டபம். பந்து இருக்கிறது, வளையம் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. போன வருடம் நாங்கள் கேட்டபோது, அனுமதிக் கட்டணம், காப்புறுதி, காவலாளி சம்பளம் என்று ஒரு பட்டியல் தந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெடியனைச் சிறையில் ஒரு வருடம் வைக்கிற செலவுக்கு எத்தனை இரவு அந்த விளக்கை எரிக்கலாம்? தூள் விற்கிறவன் நிற்கிறான். நாங்கள் பூட்டிவிட்டுப் போகிறோம். பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே பெரியவர்கள் இரண்டு பேர் நிற்க வேண்டும். அதிகாரி அவர்களே, மாதம் ஒரு வெள்ளி இந்தச் சட்டையிலேயே வந்து பந்து போட்டால், அடுத்த முறை நான் நித்திரை என்று சொல்ல மாட்டேன்.

மாநகரசபை உறுப்பினர் ஆதரவு தருவதாகத் தலை அசைக்கிறார். அது இருமலுக்கா என்று பிறகு கேட்போம்.

மனு வாசலடி மேசையில் இருக்கிறது. பெயர், தபால் குறியீடு, கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள், வெள்ளி இரவில் மண்டபத்தில் நிற்க யார் வருவீர்கள் என்று. முதல் பெயர் என்னுடையது, மூட்டுவலியோடு. இரண்டு பேனாதான் இருக்கின்றன, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சட்டைப்பையில் வைத்துவிடாதீர்கள். வடையும் தயார் என்கிறார்கள். முதலில் மேசை, பிறகு வடை. நன்றி, வணக்கம்.