தேங்காய்த் திருட்டு வழக்கும் மூன்று நிமிட வாதமும்: இளம் வழக்கறிஞர்களுக்கான பயிற்சி

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்து பேசுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனத் தமிழ் பேசும் ஊர்கள் கேரள–தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வரிசையாக இருக்கும் வட்டம் இது. வேலை இந்தப் பக்கத்துத் தோப்பில், வீடு பொள்ளாச்சிப் பக்கத்தில் என்று வாழ்பவர்கள் இங்கே ஏராளம். ஆகவே மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் சிறு குற்ற வழக்கை நடத்தும் இளம் வழக்கறிஞர், தன் வாதத்திறனை எப்படிப் பழகிக்கொள்ள வேண்டும் என்று இன்று நான் சொல்லப்போவதை, நம் எல்லைப்புற வழக்குகளைக் கொண்டே சொல்கிறேன்.

சட்டக் கல்லூரியில் நாம் மாதிரி நீதிமன்றத்தில் வாதாடியிருக்கிறோம். அது பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி, நல்ல பயிற்சியும்கூட. ஆனால் அங்கே பெரும்பாலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் நிற்பதாகப் பாவித்து, தீர்ப்புகளை மேற்கோள் காட்டிச் சட்டப் பிரச்சினையை விவாதிக்கிறோம். கூண்டில் நிற்கும் தலைமைக் காவலரிடம் கேள்வி கேட்பதையும், ஜாமீன் மனுவைச் சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிப்பதையும், தண்டனை குறித்த விசாரணையில் கட்சிக்காரரின் நிலையை எடுத்துரைப்பதையும் அங்கே யாரும் நமக்குப் பழக்கியதில்லை. அகில இந்திய பார் தேர்வோ கொள்குறி வினாத் தேர்வு. அதில் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வழக்கறிஞராகப் பதிந்து சன்னது வாங்கிய மறுவாரமே ஜூனியர் ஒருவர் எழுந்து நின்று பேச வேண்டிய இடம் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம்தான் என்பதால், இந்த இடைவெளியால் பாதிக்கப்படுபவர் அவருடைய முதல் கட்சிக்காரரே.

சிறு வழக்குதானே, சீனியர் பின்னால் நின்று பார்த்தாலே வந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட திருட்டு வழக்கிலும், பொது இடத்தில் குடித்ததாகப் பதியப்பட்ட வழக்கிலும் கட்சிக்காரர் பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகிறவர். ஒரு வாய்தாவுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். வழக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு, பதிவாகும் எழுத்தும் குறைவு. சிறு வழக்குகளைக் குறுகிய நடைமுறையில் முடிக்கும் சுருக்க விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதபோது, சாட்சியத்தின் சாரத்தை மட்டும் பதிந்துகொண்டு, காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லித் தீர்ப்பளித்தால் போதும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 287ஆம் பிரிவு சொல்கிறது. சாரம் மட்டுமே பதிவாகும் இடத்தில், வளைத்து வளைத்துக் கேட்ட கேள்வியின் பதில் தாளில் ஏறாமலே போய்விடக்கூடும்.

எப்படிப் பழகுவது? ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் ஹாம்பெல் என்பவர் உருவாக்கி, இங்கிலாந்தில் பாரிஸ்டர்களைப் பயிற்றுவிப்பவர்களும் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. பயிற்சி பெறுபவர் எழுந்து நின்று சில நிமிடங்கள் வாதாடுவார். பயிற்றுநர் அவரிடம் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதைத் தலைப்பாகச் சொல்வார். அவர் பேசிய சொற்களையே திரும்ப வாசித்துக் காட்டுவார். அது ஏன் குறை என்று காரணம் சொல்வார். திருத்தும் வழியைச் சொல்வார். பிறகு தானே எழுந்து அப்படிச் செய்து காட்டுவார். கடைசியாகப் பயிற்சி பெறுபவர் அதே பகுதியைத் திரும்பச் செய்வார். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் என்பதுதான் இதன் உயிர். நம் ஊரில் விமர்சனம் என்றால் எழுந்த சீனியர் பத்துக் குறையும் சொல்லி, தன் பழைய வழக்கு இரண்டையும் சொல்லி முடிப்பது வழக்கம். கேட்பதற்குச் சுவையாக இருக்கும். ஆனால் பத்தையும் சுமந்துகொண்டு போகிற ஜூனியர் மறுநாள் ஒன்றையும் திருத்தியிருக்க மாட்டார்.

இதற்கென்று ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். தோப்புத் தொழிலாளி ஒருவர், தான் வேலை செய்யாத வேறொரு தோப்பிலிருந்து 160 தேங்காய்களைத் திருடினார் என்று குற்றச்சாட்டு. காவல்துறை அவற்றைக் கைப்பற்றி, கைப்பற்றிய விவரத்தைக் குறிக்கும் ஆவணமான மகஸரை எழுதுகிறது. காய் ஒன்றுக்கு 35 ரூபாய் வீதம் மொத்த மதிப்பு 5,600 ரூபாய் என்று அதில் போட்டிருக்கிறது. காய்க்கு 30 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 4,800 ரூபாய். இந்த ஐந்து ரூபாய் வித்தியாசத்தில்தான் வழக்கே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 303(2)ஆம் பிரிவின்படி திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்கு விதிக்கப்பட வேண்டியது சமூக சேவை. அதுமட்டுமல்ல, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு ஜாமீனில் விடத்தக்கது. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமாகவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. மகஸரில் எழுதிய ஒரு தொகை ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம், அல்லது வீட்டுக்கு அனுப்பலாம்.

இப்போது விசாரணை அதிகாரி கூண்டில் நிற்கிறார். பழக்கமில்லாத வழக்கறிஞர் எழுந்து, "நீங்கள் மதிப்பை வேண்டுமென்றே கூட்டிப் போட்டீர்கள் அல்லவா?" என்று கேட்பார். "இல்லை" என்று அதிகாரி சொல்லிவிடுவார், கதவு மூடிவிட்டது. பழகியவர் ஒரு கேள்வியில் ஓர் உண்மையை மட்டும் வைப்பார். மகஸரைத் தயாரித்தது நீங்கள். அதில் காய் கணக்கில்தான் விலை போட்டிருக்கிறீர்கள். கேரளத்துச் சந்தையில் தேங்காய் கிலோ கணக்கில் விற்கிறது. நீங்கள் எடை போடவில்லை. மட்டையோடு இருந்த காயா, உரித்த காயா என்று மகஸரில் இல்லை. மட்டையோடு இருக்கும் காய்க்கும் உரித்த காய்க்கும் விலை ஒன்றல்ல. அன்றைய விலைக்கு எந்த மண்டியிலும் நீங்கள் சீட்டு வாங்கவில்லை. வியாபாரி யாரையும் சாட்சியாக்கவில்லை. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட வேண்டும். "அப்படியானால் 35 ரூபாய் என்று எப்படிப் போட்டீர்கள்?" என்ற கேள்வி நாக்கின் நுனியில் வந்து நிற்கும். அதைக் கேட்கக் கூடாது. கேட்டால், அதுவரை அவரிடம் இல்லாத விளக்கத்தைச் சொல்ல நாமே வாய்ப்புக் கொடுத்தவர்களாவோம். அந்த முடிவை நீதிபதியிடம் வாதத்தின்போது நாமே சொல்லிக்கொள்ளலாம்.

குறுக்கு விசாரணையில் பதிலை உள்ளடக்கிய கேள்விகளைக் கேட்கப் பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் தன் 146ஆம் பிரிவில் நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை கையில் இருக்கும்போது "என்ன நடந்தது?", "ஏன் செய்தீர்கள்?" என்று திறந்த கேள்விகளைக் கேட்பது கையிலிருக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு வேலை செய்வதாகும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்வதால், அந்தப் பதிவு எங்கே என்ற கேள்விக்கும் இந்தப் பயிற்சியில் இடம் உண்டு. பதிவு இருந்தால் அதில் காய் மட்டையோடு இருந்ததா என்று பார்த்துவிட்டே கேள்விகளை எழுதுங்கள். பார்க்காமல் கேட்பது ஆபத்து.

அடுத்தது ஜாமீன். இங்கே நம் எல்லைப்புறத்துக்கென்றே ஒரு துயரம் இருக்கிறது. கட்சிக்காரரின் உறவினர்கள் ஆனைமலையிலோ பொள்ளாச்சியிலோ இருப்பார்கள். ஜாமீன்தாரராக வருபவர் பட்டாவும் சிட்டாவும் கொண்டுவருவார். இங்கே நிலவரி ரசீதைப் பார்த்தே பழகியவர்கள், உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்பார்கள். இதற்கான விடை 1978லேயே உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்துவிட்டது. மோதிராம் என்ற கொத்தனாருக்கு மத்தியப் பிரதேசத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அவரை ஏற்க மறுத்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைத் தவறென்று சொல்லி, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார். தமிழரோ மலையாளியோ கன்னடரோ ஆந்திரரோ தொலைவில் ஓரிடத்தில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பிலேயே அவர் கேட்டிருக்கிறார். அவர் பிறந்தது இந்தப் பாலக்காட்டு மண்ணில், வைத்தியநாதபுரத்தில். அந்தக் கேள்வியை எல்லைப்புறத்து மனிதர் ஒருவர் கேட்டதாகவே நான் படிக்கிறேன். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம், உள்ளூர் ஜாமீன்தாரரைக் கட்டாயப்படுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று குறிப்பிட்டு, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஜூனியர்கள் தடுமாறுவது, அதை எந்த வரிசையில் சொல்வது என்பதில்தான். முதல் வாக்கியத்திலேயே நாம் கேட்பது என்ன என்று சொல்லிவிட வேண்டும்: மனுதாரரைப் பொள்ளாச்சி வட்டத்து ஜாமீன்தாரர் இருவரின் பிணையில் விடுவிக்க வேண்டுகிறேன். இரண்டாவதாக, அவர் விசாரணைக்கு வருவார் என்பதற்கான உண்மைகள்: எத்தனை ஆண்டுகளாக ஒரே தோப்பில் வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், முன்வழக்கு உண்டா இல்லையா. அதன் பிறகே தீர்ப்பு. தீர்ப்பிலிருந்து தொடங்குகிறவரை நீதிபதி இடைமறித்து "உங்கள் கட்சிக்காரர் யார்?" என்று கேட்டால், அவர் அங்கேயே தடம் மாறிவிடுவார். இந்தப் பயிற்சியைக் கைபேசியில் பதிவு செய்து மூன்று நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் இடைமறிக்க நண்பர் ஒருவரை நீதிபதி இருக்கையில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகிறேன் என்று கட்சிக்காரர் சொல்வது நமக்கு அன்றாடம் கேட்கும் பேச்சு. கூலி போகிறதே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் திருட்டில் ஒருமுறை தண்டனை ஏறிவிட்டால், அடுத்த முறை "முதல்முறை" என்ற வாசல் அவருக்கு மூடிவிடும் என்பதை நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் புரியவைப்பதும் வாதத்திறனில் ஒரு பகுதியே. ஒப்புக்கொள்வதென்றே முடிவானால், தண்டனைக்குப் பதிலாக எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க வழிசெய்யும் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகளையும், அவருக்கு 21 வயது நிரம்பவில்லையென்றால் 6ஆம் பிரிவையும் கேட்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பிலிருந்து அவரைக் காக்கிறது. "ஏழை, கருணை காட்டுங்கள்" என்று மட்டும் சொல்வது போதாது. முதலாளியின் கடிதமும், பொருளைத் திருப்பித் தந்ததற்கான ரசீதும் கையில் இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை மலையாளத்தில் வருகிறது. தமிழ் மட்டுமே தெரிந்த கட்சிக்காரர் கூண்டுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார். அவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. நேரமில்லை என்று நாமே அதை விட்டுக்கொடுத்துவிடுகிறோம். சாட்சி சொல்வது பொய் என்று நம்மிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ஆகவே முதல் சாட்சி ஏறுவதற்கு முன்பே எழுந்து, "என் கட்சிக்காரருக்கு மலையாளம் தெரியாது, பெயர்த்துச் சொல்ல வேண்டுகிறேன்" என்று கேட்கும் ஒற்றை வாக்கியத்தையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுந்து கேட்கத் தயங்குபவர்கள் அதிகம் என்பதால்தான் இதையும் பழக வேண்டும் என்கிறேன்.

2022 முதல் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டத்தில், குற்ற வழக்குகளை மட்டுமே நடத்தும் சட்ட உதவி வழக்கறிஞர்கள் மாவட்டந்தோறும் முழுநேரமாக நியமிக்கப்பட்டு வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து, சனிக்கிழமை பிற்பகலில் பார் அசோசியேஷன் அறையிலேயே இதை நடத்தலாம். ஆறு பேர் போதும். ஒரு மகஸர், ஒரு ஜாமீன் மனு, ஒரு கைபேசி. அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர் ஒருவரையும் அழையுங்கள். அவர் எங்கே எழுந்து ஆட்சேபிப்பார் என்பது நமக்குத் தெரிய வேண்டும். அடுத்த காணொளியில் இந்தத் தேங்காய் மகஸரை முழுமையாக வாசிக்கிறேன். அதற்குள் அதிலிருந்து எட்டுக் கேள்விகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் உண்மை இருக்கட்டும். எதுவும் "ஏன்" என்று தொடங்க வேண்டாம்.