லைனஸ் போர்வையைத் திரும்ப எடுத்துக்கிறானே! – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரக் கேள்வி ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர் அனுப்பினது. அப்படியே வாசிக்கிறேன். "எங்க சபையில பிள்ளைங்களுக்கு 'எ சார்லி பிரவுன் கிறிஸ்மஸ்' கார்ட்டூனைப் போட்டுக் காட்டலாம்னு இருக்கோம். 'பயப்படாதிருங்கள்'னு சொல்ற இடத்துல லைனஸ் தன் போர்வையைக் கீழே விட்டுடுறான், அதுதான் விசுவாசம்னு ஒரு பிரசங்கத்துல கேட்டேன். ஆனா முழுசா பார்த்தா, வசனத்தைச் சொல்லி முடிச்சதும் அவன் போர்வையைத் திரும்ப எடுத்துக்கிறான். அப்போ அந்த விளக்கம் தப்பா? பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?"

டீச்சர், நீங்க கடைசிவரைக்கும் பார்த்திருக்கீங்க, அதுக்கே ஸ்தோத்திரம். அந்த விளக்கம் தப்பு இல்லை. பாதியில நின்னுபோன விளக்கம். போர்வை விழுறதோட கதை முடியலை. அது எங்கே போய்ச் சேருதுன்னு பார்த்தாத்தான் முழு அர்த்தம் கிடைக்கும்.

படம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 1965 டிசம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவுல சிபிஎஸ் டிவியில முதல்ல வந்தது. சுமார் 25 நிமிஷம். 1950-லேர்ந்து பத்திரிகைகள்ல வந்த 'பீனட்ஸ்' படக்கதையை வரைஞ்ச சார்ல்ஸ் ஷுல்ஸ்தான் இதுக்கும் கதை எழுதினார். தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், இயக்குநர் பில் மெலண்டெஸ். கார்ட்டூன்ல வேத வசனமா, சரிப்பட்டு வருமான்னு கூட இருந்தவங்க தயங்கினாங்க. ஷுல்ஸ் விட்டுக்கொடுக்கலை. கலிபோர்னியாவுல செபாஸ்டபோல்ங்கிற ஊர்ல மெத்தடிஸ்ட் சபை சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தவர் அவர். பின்னாள்ல தன்னை மதச்சார்பற்ற மனிதநேயர்னு சொல்லிக்கிட்டார். இதையும் மறைக்காம சொல்லணும். நாம சார்ந்திருக்கிறது அவர் வாழ்க்கைமேல இல்லை, அந்தப் பையன் வாயில வந்த வசனத்துமேல.

பயம்ங்கிற விஷயம் இந்தப் படத்துல, லைனஸ் மேடையில வசனம் சொல்ற இடத்துல திடீர்னு வரலை. ஆரம்பத்திலேயே இருக்கு. கதையோட நாயகன் சார்லி பிரவுன்ங்கிற பையனுக்குக் கிறிஸ்மஸ் வந்தும் மனசுல சந்தோஷம் இல்லை. லூசிங்கிற பொண்ணு 5 சென்ட் வாங்கிக்கிட்டு ஆலோசனை சொல்ற ஒரு சின்னப் பெட்டிக்கடை வெச்சிருப்பா. அவன் அங்கே போய் உட்காருவான். உனக்கு எதுக்குப் பயம்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு பேர் வெச்சிடலாம்னு சொல்லி, பொறுப்புன்னா பயமா, பூனையா, மாடிப்படியா, கடலா, பாலமான்னு ஒவ்வொன்னா மருத்துவப் பேரோட அடுக்குவா. கடைசியா, எல்லாத்துக்கும் பயப்படுற பயமான்னு கேட்பா. "அதுதான்!"னு அவன் கத்துற கத்துல லூசி தூக்கி எறியப்படுவா. பயத்துக்குப் பேர் கிடைச்சுது. பயம் போகலை. இந்தக் காட்சியைப் பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே தாண்டிடுவாங்க. நீங்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, மேடைக் காட்சி இதுக்குத்தான் பதில் சொல்லுது.

இப்போ லைனஸ். லூசியோட தம்பி. படக்கதையில 1954-லேர்ந்தே, பயத்துக்குத் துணையா அவன் கையில அந்தப் போர்வை உண்டு. கிறிஸ்மஸ் நாடகத்துல அவனுக்கு மேய்ப்பன் வேஷம். ஒத்திகையில லூசி அந்தப் போர்வையைத் தூக்கிப் போடச் சொல்வா. அவன் அதைத் தலையில மேய்ப்பன் முக்காடு மாதிரி போட்டுக்கிட்டு, ஒரு அப்பாவி மேய்ப்பனை அடிச்சிடுவியான்னு கேட்பான். நாடகத்துல தனக்குக் கொடுத்த வசனத்தை இவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் பண்ண முடியாதுன்னும் சொல்வான். லூசி அஞ்சு விரலையும் ஒன்னொன்னா மடக்கி முஷ்டியைக் காட்டி மிரட்டுவா. கவனிங்க: மிரட்டினபோது போர்வை கையைவிட்டுப் போகலை, தலைக்குத்தான் போச்சு.

அப்புறம் மேடை. சார்லி பிரவுன் கொண்டுவந்த வத்தலான சின்ன மரத்தைப் பார்த்து எல்லாரும் சிரிச்சபிறகு, கிறிஸ்மஸ்னா என்னன்னு யாருக்காவது தெரியுமான்னு அவன் கதறுவான். லைனஸ் போர்வையோடவே மேடை நடுவுல வந்து நிப்பான், விளக்கைப் போடச் சொல்வான். அவன் சொல்றது லூக்கா 2-ஆம் அதிகாரம் 8-லேர்ந்து 14 வரைக்கும், கிங் ஜேம்ஸ்ங்கிற பழைய ஆங்கில மொழிபெயர்ப்புல. முகத்தை விட்டுட்டு அவன் கையைப் பாருங்க. 8-ஆம் வசனம், மேய்ப்பர்கள் மந்தையைக் காக்கிறாங்க, போர்வை கையில இருக்கு. 9-ஆம் வசனம், தூதன் வந்து நிக்கிறான், "அவர்கள் மிகவும் பயந்தார்கள்", இன்னும் கையிலதான் இருக்கு. 10-ஆம் வசனம், "பயப்படாதிருங்கள்". இங்கே கை திறக்குது, போர்வை விழுது. மேய்ப்பன் வேஷம் போட்ட பையன், பயந்துபோன மேய்ப்பர்களுக்குத் தூதன் சொன்ன வார்த்தையைச் சொல்றான். சொல்றவனும் அவன்தான், அதைக் கேட்க வேண்டியவனும் அவன்தான்.

இது தற்செயலா, நாமளா ஏத்திச் சொல்றோமான்னு சிலர் கேட்பாங்க. அனிமேஷன்ல எதுவும் தானா விழாது. ஒரு துணி கீழே விழணும்னா அது விழுறதை யாராவது படம் படமா வரையணும். அதனால விழுந்தது வேணும்னே வரைஞ்சது. ஆனா அது ஏன்னு படத்துல ஒருத்தரும் விளக்கம் சொல்லலை. அதனால "லைனஸ் அந்த வார்த்தையில போர்வையை விடுறான்"னு சொல்லும்போது அடிச்சுச் சொல்லுங்க. "இது விசுவாசத்தைக் காட்டுது"ன்னு சொல்லும்போது, நாங்க இப்படிப் புரிஞ்சுக்கிறோம்னு சேர்த்துச் சொல்லுங்க. லைனஸ் வாழ்நாள்லயே போர்வையை விட்டது இந்த ஒரு தடவைதான்னு பரவுற பேச்சை மட்டும் சொல்லாதீங்க. படக்கதையில அந்தப் போர்வை அவன் கையைவிட்டுப் போன சந்தர்ப்பம் நிறைய உண்டு. பெரும்பாலும் யாராவது பிடுங்கினதால. வேதாகமத்துல "பயப்படாதே" 365 தடவை, ஒரு நாளுக்கு ஒன்னுன்னு சொல்றதும் அப்படித்தான். எந்த மொழிபெயர்ப்புல எண்ணினாலும் அந்தக் கணக்கு வராது. எண்ணிப் பார்க்கிற பிள்ளைக்கு அப்புறம் நாம சொல்ற உண்மைமேலயும் சந்தேகம் வந்துடும்.

இனி வசனத்துக்குள்ள போவோம், இங்கேதான் கொஞ்சம் நிக்கணும். 9-ஆம் வசனத்துல கிரேக்க மூலத்தை அப்படியே சொன்னா "பெரும் பயம் பயந்தார்கள்"னு வரும். தூதன் சொல்ற "பயப்படாதிருங்கள்" மூலத்துல இருக்கிற வினை வடிவம், ஏற்கெனவே பயந்துக்கிட்டு இருக்கிறவங்களைப் பார்த்து, அதை நிறுத்துங்கன்னு சொல்றதுக்குப் பொருந்துற வடிவம். பயமே வரக்கூடாதுங்கிற கட்டளை இல்லை அது. அடுத்த வார்த்தை "இதோ". கிரேக்கத்துல அதோட "ஏனெனில்"ங்கிற சொல்லும் சேர்ந்து வருது, நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல அது விடுபட்டிருக்கு. சேர்த்துப் படிச்சா, "பயப்படாதிருங்கள், ஏனெனில் இதோ, நற்செய்தியை உங்களுக்கு அறிவிக்கிறேன்". பயத்தை விடுறதுக்குக் காரணம் மேய்ப்பர்களோட தைரியம் இல்லை, வந்த செய்தி. யாரும் அவங்ககிட்ட, மனசைத் திடப்படுத்திக்கோ, உன்னால முடியும்னு சொல்லலை. "இன்று கர்த்தராகிய கிறிஸ்து என்னும் இரட்சகர் உங்களுக்குத் தாவீதின் ஊரிலே பிறந்திருக்கிறார்"னுதான் தூதன் சொன்னான். "இதோ"ன்னு காட்டணும்னா கை திறக்கணும். இறுக்கிப் பிடிச்ச கையால எதையும் சுட்டிக்காட்ட முடியாது. லைனஸோட கை திறந்ததை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

சரி, திரும்ப எடுத்துக்கிறானே? ஆமா, எடுத்துக்கிறான். 14-ஆம் வசனத்தை முடிச்சிட்டு, குனிஞ்சு போர்வையை எடுத்துக்கிட்டு, சார்லி பிரவுன்கிட்ட வந்து இதுதான் கிறிஸ்மஸ்னு சொல்வான். நிறைய பிரசங்கங்கள்ல இந்த இடத்தை வெட்டிட்டுத்தான் காட்டுறாங்க. வெட்டாதீங்க. மேய்ப்பர்களும் பெத்லகேமுக்குப் போய்ப் பார்த்துட்டு, 20-ஆம் வசனத்துல "திரும்பிப்போனார்கள்". அவங்களுக்கு இருந்தது அதே வயல்வெளிதான், அதே மந்தைதான். துதிச்சுக்கிட்டே போனாங்க. சங்கீதம் 56:3-ல தாவீது, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்"னு சொல்றான். பயமும் நம்பிக்கையும் ஒரே நாள்ல, ஒரே வாயில வருது. மாற்கு 9:24-ல, பிள்ளைக்காக இயேசுகிட்ட வந்த தகப்பன் விசுவாசிக்கிறேன்னு சொன்ன மூச்சுலேயே, "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கண்ணீரோட கேட்கிறான். ஆண்டவர் அவனைத் திருப்பி அனுப்பலை.

நற்செய்தியைக் கேட்ட சார்லி பிரவுனைப் பாருங்க. சந்தோஷமா மரத்தைத் தூக்கிட்டுப் போவான். ஒரே ஒரு சிவப்பு உருண்டையை மாட்டுவான், மரம் தலைசாய்ஞ்சிடும். நானே கொன்னுட்டேன்னு அழுதுட்டுப் போயிடுவான். வசனத்தைக் கேட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. இதுவும் நம்ம வாழ்க்கையில நடக்கிறதுதான்.

அந்த இடத்துக்கு லைனஸ் வருவான். மரம் ஒன்னும் மோசம் இல்லை, கொஞ்சம் அன்பு காட்டினாப் போதும்னு சொல்லி, தன் போர்வையைக் கழட்டி அந்த மரத்தோட அடியில சுத்துவான். இந்தத் தடவை மிரட்டல் இல்லை, மேடை இல்லை, விளக்கு வெளிச்சமும் இல்லை. தன் பயத்துக்காக வெச்சிருந்ததை, நிக்கமுடியாத ஒன்னுக்குக் கொடுத்துட்டான். 12-ஆம் வசனத்துல மேய்ப்பர்களுக்குக் கொடுத்த அடையாளம் என்ன? "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தியிருக்கக் காண்பீர்கள்." பயந்தவங்களுக்குக் கிடைச்ச அடையாளமே ஒரு துணிதான், பலவீனமான ஒன்னைச் சுத்தியிருந்த துணி. ஷுல்ஸ் இதை நினைச்சுத்தான் எழுதினார்னு நான் சொல்லலை. வசனத்தோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா எனக்கு இதுதான் படத்துலயே ஆழமான இடம். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்"னு 1 யோவான் 4:18 சொல்றது, இங்கே ஒரு பையன் கையில நடக்குது.

ஒரு எச்சரிக்கை. "உன் போர்வையை விடு"ன்னு சொல்லும்போது, பதற்ற நோய்க்கு மாத்திரை எடுக்கிறவங்க, ஆலோசகர்கிட்ட போறவங்க அதைத் தங்களுக்குன்னு எடுத்துக்குவாங்க. சில மாத்திரைகளைத் திடீர்னு நிறுத்தினா பயமும் தூக்கமின்மையும் முன்னைவிட அதிகமா வரும். மருந்து அவிசுவாசம் இல்லைன்னு அதே மேடையில, அதே மூச்சுல சொல்லிடுங்க.

வகுப்புக்கு என்ன பண்ணலாம்? படத்துக்கு முன்னாடியே லூக்கா 2:8-லேர்ந்து 20 வரைக்கும் ஒரு தடவை வாசிச்சிடுங்க. கிங் ஜேம்ஸ் ஆங்கிலம் பிள்ளைங்களுக்குப் புரியாது. அதுல வர்ற 'சோர்' வலியைக் குறிக்காது, 'மிகவும்'னு அர்த்தம். 'ஹோஸ்ட்'னா சேனை, நம்ம வேதாகமத்துல "பரமசேனை"ன்னு தெளிவா இருக்கு. படம் ஓடும்போது நடுவுல பேசாதீங்க. முடிஞ்சதும் மேடைக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போட்டு, "அவன் கையை மட்டும் பாருங்க, எந்த வார்த்தையில திறக்குதுன்னு சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவங்களே கண்டுபிடிக்கட்டும். அவன் போர்வையைக் குனிஞ்சு எடுக்கிறவரைக்கும் ஓடவிடுங்க. அப்புறம் மரத்துக் காட்சி.

பயத்தைச் சீட்டுல எழுதிக் கிழிச்சுப் போடச் சொல்றது வேண்டாம். அன்னிக்கு ராத்திரியே விளக்கை அணைச்சா அந்தப் பிள்ளைக்குத் திரும்பப் பயம் வரும், எனக்கு விசுவாசம் இல்லைபோலன்னு முடிவு பண்ணிடும். அதுக்குப் பதிலா பழைய துணி, துண்டு, ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லி, குளிர்ல கஷ்டப்படுற யாருக்காவது அவங்க கையாலேயே கொடுக்க வைங்க. எது இல்லாம பிள்ளை தூங்காதோ, அந்தச் சொந்தப் போர்வையைக் கேட்காதீங்க.

கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில ஒரு பிள்ளை இந்த வசனத்தை ஒப்பிக்கிறதா இருந்தா, ஒரு மீட்டர் பருத்தித் துணி போதும், ஒரு கையில பிடிக்கட்டும். வழக்கமா ரெண்டு தப்பு நடக்கும். காத்திருக்க முடியாம 9-ஆம் வசனத்துலயே விட்டுடுவாங்க, இல்லைன்னா விடாம வீசி எறிவாங்க. எறிஞ்சா சபை சிரிக்கும், வசனம் போயிடும். "இதோ"ன்னு சொல்லும்போது ரெண்டு கையையும் தூக்கப் பழக்குங்க, துணி தானா விழும். காலுக்கு முன்னாடி விழாம பக்கத்துல விழணும், நடக்கும்போது தடுக்கும். முடிச்சதும் அதை எடுத்துக்கிட்டே இறங்கி வரட்டும், "ஏன் எடுத்தே"ன்னு யாரும் கேட்க வேண்டாம். மேடைக்குக் கீழே ஒரு முன்னணை வெச்சிருந்தா, அந்தத் துணியை அதுல விரிச்சுட்டு வந்து உட்காரட்டும்.