எந்த மாதம், எந்தக் கரை?

நேயர்களுக்கு வணக்கம்.

கடற்கரை விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹோட்டலின் படத்தை. நீலத் தண்ணீர், சாய்ந்து நிற்கும் தென்னை, காலடி படாத மணல். அந்தப் படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்கிறவர்கள் அபூர்வம். இலங்கையைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய முதற் கேள்வியே அதுதான். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ டிசம்பரில் வருகிற குடும்பம், புறாத்தீவில் மீன் காட்டுகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டி, கிழக்குக் கரையில் நிலாவெளியில் அறை பிடித்திருக்கும். வந்து இறங்கினால் வாடைக்காற்று முகத்தில் அறையும். கடல் கலங்கிப் பழுப்பாகக் கிடக்கும். படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டுப் படகோட்டிகள் கொட்டிலுக்குள் கடதாசி விளையாடிக்கொண்டிருப்பார்கள். படத்தில் பொய் ஒன்றும் இல்லை. அது ஜூலை மாதத்துப் படம்.

இந்தத் தீவை இரண்டு பருவக்காற்றுகள் ஆள்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம். அப்போது ஹிக்கடுவ, மிரிஸ்ஸ, வெலிகம என்று தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும். அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கில் வெறும் கச்சான் காற்றாக, வரண்டு வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. அப்போது எல்லாம் தலைகீழ். ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கிழக்குக் கரை, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியும் மழையும் எந்தப் பக்கத்தையும் விடுவதில்லை. கடலுக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பரில்தான் லீவு கிடைக்கும், திருகோணமலையில் உறவுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போய்வாருங்கள். கடலில் இறங்குவதற்கு வெலிகம பக்கம் நாலு நாள் ஒதுக்குங்கள்.

மாதம் முடிவானபின் அடுத்த சிக்கல். ஸ்நோர்க்கெலிங்குக்கும் அலைச்சறுக்குக்கும் வேண்டியது வெவ்வேறு கடல். குழாய் வைத்து மூச்சுவிட்டபடி முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி மிதக்கிறவருக்குச் சின்ன அலைகூடத் தொல்லைதான். குழாய்க்குள் உப்புத் தண்ணீர் ஏறும். அடிமணல் கிளம்பி, கை நீட்டினால் கை தெரியாது. பலகை பிடித்தவரோ அலை இல்லாத கடலைப் பார்த்தால் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுவார். இரண்டும் ஒரே கரையில் உண்டு என்று சொல்லிச் சுற்றுலா முகவர்கள் விற்பார்கள். பெரும்பாலும் நம்ப வேண்டாம்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் ஹிக்கடுவ. அங்கே கரைக்குக் கிட்டவாக முருகைக்கல் மேடு, அதாவது பவளப்பாறை, கிடக்கிறது. வெளிக்கடல் அலை அதில் மோதி உடைந்து வலுவிழந்துவிடுவதால், உட்புறத்தில் பிள்ளைகளும் இறங்கக்கூடிய ஆழமற்ற தண்ணீர் அமைதியாக நிற்கும். அதே மணலில் தெற்கே கொஞ்சம் நடந்து வெவல பக்கம் போனால், அலைச்சறுக்குக்காரர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். தாய்க்கு மீன், மகனுக்கு அலை என்று பிரிந்து போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றுசேரலாம். ஆனால் வண்ண முருகைக்கற்களை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள். 1998இல் இந்து சமுத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியது. முருகை உயிர்கள் தமக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு, வெளிறி, பெருமளவில் மடிந்தன. 2002இல் தேசியப் பூங்காவாக அறிவித்தாகிவிட்டது; ஆனாலும் கண்ணாடி அடி போட்ட படகுகளும் மிதித்து நடக்கும் கால்களும் ஓய்ந்தபாடில்லை. மீனும் கடலாமையும் பார்க்கப் போங்கள். ஆமைக்குக் கடற்பாசி ஊட்டிப் படம் எடுக்கச் சொல்லி யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

முருகைக்கல்தான் முக்கியம் என்றால் என் தேர்வு புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003இல் தேசியப் பூங்கா ஆனது. கரையிலேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் கூடம் இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம், படகுக்கூலி வேறு. கூடம் திறக்கிற நேரத்துக்கே போய் நில்லுங்கள். வெயில் ஏறினால் காற்று எழும்பித் தண்ணீர் சிலிர்க்கும். அதைவிட, படகு படகாகச் சனம் வந்து இறங்கிவிடும். காலையில் முழங்கால் ஆழத்தைத் தாண்டியதுமே மான்கொம்பாகக் கிளைத்த முருகைகளும் அவற்றுக்குள் ஓடி ஒளியும் சிறு மீன்களும் தெரியத் தொடங்கும். கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிற உடலும் முதுகுச் செட்டையின் நுனியில் மை தொட்டு வைத்த கறுப்புமாகச் சுறா ஒன்று வளைந்து போகும். பயப்படத் தேவையில்லை. இந்தக் கருநுனிச் சுறா ஆளைக் கண்டால் விலகிப் போகும் சாதி. அங்கே எனக்குப் பயம் எல்லாம் மனிதர்களின் கால்களைப் பற்றித்தான். நீந்தத் தெரியாதவர் தடுமாறும்போது முதலில் தேடுவது நிற்க ஒரு கல்லை. அந்தக் கல்லுக்கு உயிர் இருக்கிறது. உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு மிதக்கப் பழகிய பிறகு போங்கள். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிழக்கில் கிடையாது.

வாடகை மாஸ்க் எடுக்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசைக்காரர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் கசியத்தான் செய்யும். சன் க்ரீம் பூசிக்கொண்டு முருகைமேல் மிதப்பதைவிட, கை நீளமான நீச்சல் சட்டை மேல்.

இனி அலைச்சறுக்குக்காரர்களின் அறுகம்குடா, கிழக்குக் கரையில் பொத்துவிலுக்குப் பக்கத்தில். கிழக்கு அமைதியாக இருக்கும் அதே மாதங்களில் அங்கே மட்டும் எப்படி அலை என்று கேட்பீர்கள். அந்த அலை நம் காற்றில் பிறந்ததல்ல. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் தெற்கு அரைக்கோளத்துக்குக் குளிர்காலம். அந்தாட்டிக்காவைச் சுற்றிய கடலில் புயல்கள் கிளப்பும் அலை, நாட்கணக்கில் பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடி வருகிறது. வழியில் சில்லறை அலைகள் அடங்கிப்போக, நீண்டவை மட்டும் மிஞ்சிப் பொத்துவில் கரையை அடைகின்றன. நிலாவெளி வடகிழக்கைப் பார்த்திருப்பதால் அவை பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. அறுகம்குடாவின் தென்முனையிலோ, பாறை முனையைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து சீராக உடைந்துகொண்டே போகும். நல்ல நாளில் ஒரே அலையில் சில நூறு மீற்றர் சறுக்கலாம். நிலப்பக்கமிருந்து வரும் காலைக் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து மழமழவென்று வைத்திருக்கும். பிற்பகலில் கடற்காற்று அதைக் கலைத்துவிடும்.

அலை முன்னறிவிப்பைப் பார்க்கிறவர்கள் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். அதைவிட முக்கியம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை விநாடி என்பது. ஒரு மீற்றர் உயரம், 6 விநாடி என்றால் உள்ளூர்க் காற்றின் சலசலப்பு, வலு இராது. அதே ஒரு மீற்றர், 14 விநாடி என்றால் தூரத்திலிருந்து வந்த அலை. ஆழத்திலிருந்தே தள்ளிக்கொண்டு வரும், கரைக்கு வந்ததும் இன்னும் உயரும். காற்றின் திசையையும் சேர்த்துப் பாருங்கள். நம் கடலில், நீர்மட்டம் ஏறி இறங்கும் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், பாலித்தீவுக்குப் போகிறவர்களைப்போல வற்றுப்பெருக்கு அட்டவணைக்குத் தலையை உடைக்கத் தேவையில்லை.

முனை அலை பழகியவர்களுக்கு. அடியில் கல், கூட்டமும் அதிகம், முதலில் எழுந்தவரின் அலையில் குறுக்கே புகுந்தால் நல்ல வார்த்தை கேட்க முடியாது. புதியவர்கள் குடாவின் உட்பக்கத்தில் மென்மையான நீளப் பலகையில் தொடங்கலாம். வடக்கே விஸ்கி பொயின்ட்டும் இருக்கிறது. பழகியவர்கள் தெற்கே பாணமை தாண்டி ஒக்கந்தை வரை போவார்கள். ஜூலையில் அந்த வழி பார்க்க வேண்டியது. குமண காட்டின் ஊடாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை அடியார்கள் ஒக்கந்தை முருகன் கோயிலை நோக்கிக் காவி உடுத்து நடந்துகொண்டிருக்க, கூரையில் பலகை கட்டிய முச்சக்கரவண்டிகள் அவர்களை மெதுவாகக் கடந்து போகும்.

டிசம்பரில் முதன்முதலாகப் பலகையில் ஏற நினைக்கிறவர்களுக்கு வெலிகம. அகன்ற குடா, மணல் அடி, விழுந்தாலும் அடிபடாது.

எந்தக் கரையிலும் இறங்குமுன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கலங்கலாக வெளியே ஓடிக்கொண்டிருந்தால், குளிக்க வசதியான இடம் என்று எண்ணி அங்கே இறங்காதீர்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அது. அகப்பட்டால் அதை எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேறுங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். பக்கத்தில் பலகையோடு யாராவது இருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.