பெயர் வெட்டிய டம்ளரும் எழுத வராத வெள்ளமும்

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இடையில் மின்சார ரயில் கடக்கும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ரயிலைப் பற்றியும் இன்று பேச வேண்டியிருக்கிறது.

எழுத ஆசைப்படுகிறவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "கதை எழுதுகிற அளவுக்கு என் வாழ்க்கையில் என்ன நடந்துவிட்டது?" படிப்பு, வேலை, வாடகை வீடு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை என்று போகும் நாட்களுக்குள் கதை எங்கே இருக்கிறது என்று உண்மையான வருத்தத்தோடு கேட்கிறார்கள். என்னுடைய சிக்கல் இதற்கு நேர்மாறானது. என் வாழ்க்கையில் பெரிய சம்பவம் ஒன்று நடந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு வருடங்கள் ஒரு பக்கம்கூட உருப்படியாக எழுத முடியாமல் தவித்தேன்.

2015இல் நாங்கள் ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து ஆறு கரைமீறிய அந்த இரவில், கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் விடிவதற்குள் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வந்துவிட்டது. மின்சாரம் போயிற்று, செல்போன்கள் செத்துவிட்டன, மாடியில் இருந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மூன்று இரவுகள் அவர்கள் கூடத்தில்தான் படுத்தோம்.

இதை மூன்று முறை கதையாக எழுதிப் பார்த்தேன். படகு வந்தது, ஹெலிகாப்டர் பறந்தது, தெருவில் மிதந்த சிலிண்டர் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்த யாரும் ஏற்கெனவே செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பார்த்ததைத்தான் மறுபடி பார்த்தார்கள். அந்த வெள்ளம் சென்னை முழுவதற்கும் பொதுவானது. எனக்கு மட்டும் தெரிந்தது என்று அதில் எதுவும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது ஒரு பொருளைக் காட்டுகிறேன். கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள்.

எவர்சில்வர் டம்ளர். விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கியிருக்கிறது. வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்துகளும் அவற்றுக்குக் கீழே ஒரு தேதியும் இருக்கின்றன. பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுப்பவர் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போகும்போது, நேர்கோடுகள் ஒழுங்காக வந்துவிடும், 'ச' போன்ற எழுத்துகளின் வளைவில்தான் புள்ளிகள் விலகிவிடும். இதிலும் அந்த வளைவு திறந்துகொண்டிருக்கிறது, பாருங்கள். தேதி, மேல்வீட்டுக்காரர்கள் புதுமனை புகுந்த நாள். அதாவது, இது எங்கள் டம்ளர் இல்லை.

வெள்ளத்துக்கு முன்னால் எட்டு மாதங்களாக அம்மாவுக்கும் மேல்வீட்டு அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர் மோட்டாரை யார் எத்தனை மணிக்குப் போடுவது என்பதில் தொடங்கிய சண்டை. அப்படிப்பட்டவர்கள் வீட்டில்தான் அம்மா மூன்று நாட்கள் இருக்க நேர்ந்தது. முதல் நாள் காலையில், யாரும் சொல்லாமலே அம்மா அவர்கள் சமையலறைக்குப் போய்த் தேய்க்க வேண்டிய பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டார். "நீங்க உட்காருங்க" என்று அந்த அம்மா சொன்னார். அம்மா உட்காரவில்லை. மூன்று நாட்களும் அம்மா அந்த வீட்டில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நான்காம் நாள் தண்ணீர் வடிந்து, சேறு மண்டிய எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தபோது, கையில் இருந்த பையில் இந்த டம்ளரும் வந்துவிட்டது. அவசரத்தில் வந்திருக்கலாம். இரண்டே ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது அவர்கள் வீடு. அதன் பிறகு ஒன்றரை வருடம் அங்கேயே குடியிருந்தோம். அம்மா இதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, புழங்கவும் இல்லை. வீடு மாறியபோது பரணிலிருந்து இறக்கிய பெட்டியில், செய்தித்தாளில் சுற்றியபடி இது இருந்தது.

ஏன் கொடுக்கவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "அவங்க கேட்கவே இல்லையே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

என் கதை அந்த இடத்தில்தான் பிறந்தது. வெள்ளத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், ஆகவே அதில் நான் கற்பனை செய்வதற்கு இடமே இருக்கவில்லை. இந்த டம்ளரைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. அம்மா என்கிற, பிறந்ததிலிருந்து பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷியிடம் எனக்குப் புரியாத ஒரு செயல் இருந்தது. கோபமா, கடன்பட்ட கூச்சமா, கொடுத்துவிட்டால் அந்த வீட்டோடு இருந்த கடைசித் தொடர்பும் தீர்ந்துவிடும் என்ற எண்ணமா? நமக்கு நன்றாகத் தெரிந்த வாழ்க்கைக்குள் நமக்கே பிடிபடாமல் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இடம், அதைத்தான் கதை தேடுகிறவர்கள் தேட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கல்யாணத்தில் யாரோ சாப்பிடாமல் போனது, அப்பா ஒரு குறிப்பிட்ட தெரு வழியாக மட்டும் எப்போதும் போகாதது, அக்கா கொடுத்த புடவையை அத்தை ஒருமுறைகூடக் கட்டாதது: இப்படி எல்லார் வீட்டிலும் இருக்கும்.

இங்கே தொல்காப்பியத்தைக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த வழியைத் தெளிவாக்கியது அதுதான். கதைக்கரு என்று இன்று நாம் சொல்லும்போது கதையின் மையக் கருத்து என்று பொருள்கொள்கிறோம். தொல்காப்பியம் கரு என்று சொல்வது வேறு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியவை கருப்பொருள். கூடல், பிரிவு, ஊடல் போன்ற உணர்வொழுக்கங்கள் உரிப்பொருள். சங்கப் பாடல்களில் தலைவியின் துயரத்தை நேரே சொல்வதைவிட, கடற்கரையில் நிற்கும் நாரையையும் புன்னையையும் காட்டுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆகவே நாள்தோறும் குறிப்பு எழுதும்போது நான் உரியை எழுதுவதில்லை. "இன்று மிகவும் வருத்தமாக இருந்தது" என்ற வரி மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது நமக்கே எதையும் நினைவூட்டாது. கருவை எழுதுகிறேன். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்த நேர அட்டவணை, மேலே தொட்டி நிரம்பி வழியும் சத்தம், மெட்ரோ வாட்டர் லாரி வந்ததும் வரிசையில் நகரும் குடங்களின் நிறம். எங்கள் சண்டையின் முழு உணர்வும் அந்த அட்டவணைக்குள் இருக்கிறது.

எனக்கு வேலை தாம்பரத்தில். தினமும் மாலையில் மகளிர் பெட்டியில் மாம்பலம் வரைக்கும் வருகிறேன். 1931இலேயே மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய தடம் இது. சானடோரியம் தாண்டுவதற்குள் ஒரு பெண் மடியில் பேப்பரை விரித்துக் கீரை ஆயத் தொடங்கிவிடுவார். கிண்டி வருவதற்குள் இலைகள் பையில் ஏறியிருக்கும், தண்டுகள் பேப்பரோடு சுருண்டிருக்கும். இரண்டு வாரங்களுக்கு முன்னால் அவர் கீரையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் ரயில் அடையாற்றைக் கடக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். இவ்வளவுதான் குறிப்பில் இருக்கிறது. என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் தினமும் வழியிலேயே கீரை ஆய்ந்து முடிக்கும் ஒருவர் ஒருநாள் ஆயாமல் வீட்டுக்குப் போகிறார் என்றால், அன்று அந்த வீட்டில் சமையலுக்கு என்ன ஆயிற்று என்று என்னால் யோசிக்க முடியும். அதை யோசிக்கும்போது எனக்குத் தெரிந்த சமையலறைகள்தான் கண்ணில் வருகின்றன, ஆகவே அதுவும் என் அனுபவமாகிவிடுகிறது.

எழுத்தாளர் அசோகமித்திரனை நினைத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்திலிருந்து 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் கதைக்கு ஆகாத வேலை. ஆனால் சினிமாவில் திரைக்குப் பின்னால் உழைத்து மறைந்துபோகிறவர்களை அவர் 'கரைந்த நிழல்கள்' நாவலில் எழுதியதற்கும், இந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு அலைந்ததை 'தண்ணீர்' என்று எழுதியதற்கும், அப்படிப்பட்ட இடங்களில் வருடக்கணக்காக இருந்து பார்த்த கண்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். டம்ளர் கதைக்கு முன்பே, என் சித்தப்பா யாரோ ஒருவரிடம் கடன் வாங்கிவிட்டு, கடன் கொடுத்தவருடைய தெருவையே தவிர்த்து நடந்த காலத்தை ஒரு கதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஆனால் பேருந்துச் சீட்டைக் கடிகாரப் பட்டைக்குள் மடித்துச் செருகிக்கொள்ளும் அவருடைய பழக்கத்தை, அழகாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் அந்த ஒரு வரியிலேயே அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு வருடம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் காபி கொடுத்தார், அது இன்னும் வேதனையாக இருந்தது.

இதற்கும் நம் மரபில் விடை இருக்கிறது. காதல் வாழ்க்கையைப் பாடும் அகப்பாடலில் வருகிறவர்களுக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி: "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் அரசனுடைய பெயர் எங்கேயும் இல்லை; ஆனாலும் பாசறையில் வரும் வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது, வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ, ஆகவே இது அகம் ஆகாது, போரையும் அரசரையும் பாடும் புறம் என்று நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார். பெயரை மறைத்தாலும் வேம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதை ஓர் உரையாசிரியர் அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார். நான் கதையிலிருந்து நீக்கியிருக்க வேண்டியது அந்தப் பேருந்துச் சீட்டை. இப்போது ஒவ்வொரு கதையை முடித்ததும், இதில் யாருடைய வேம்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே கொடுக்கிறேன். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை உருவாக்கும்போது, அந்தப் பாத்திரம் நம் சித்தப்பாவாக இருப்பதை விட்டுவிட்டுத் தனி மனிதராக நடக்கத் தொடங்கிவிடுகிறது.

டம்ளர் கதையிலும் அதுதான் நடந்தது. முதல் வரைவில் எல்லாம் நடந்தபடியே இருந்தது. அம்மா நல்லவராக இருந்தார், மேல்வீட்டு அம்மாவும் நல்லவராக இருந்தார், கதை நகரவே இல்லை. இரண்டாம் வரைவில் ஒன்றே ஒன்றை மாற்றினேன்: டம்ளர் தவறிப்போய் வரவில்லை, கீழ்வீட்டுப் பெண் தெரிந்தே எடுத்து வருகிறாள். அந்த ஒரு மாற்றத்தால், நான் நேரில் பார்த்த சமையலறைக் காட்சிக்கும், "நீங்க உட்காருங்க" என்ற வார்த்தைக்கும் புதிய கனம் வந்தது. ஒரு பெண் உட்காராமல் நின்றதைப் பற்றிய கதையாக அது மாறியது. வெள்ளம் அதில் ஆறு வரிகள்தான் வருகிறது.

அம்மாவிடம் கேட்காமல் இதை வெளியிட எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். டம்ளரை வேண்டுமென்றே எடுக்கும் இடத்தில், "நான் அப்படி எடுக்கலையே" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைசி வரைக்கும் மேல் வீட்டம்மா இறங்கி வரவே இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"வர்ற மாதிரி எழுதக்கூடாதா?"

கடைசி இரண்டு பக்கங்களை இந்த வாரம் மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேல்வீட்டு அம்மா படி இறங்கி வந்து வாசலில் நிற்கும் இடம்வரைக்கும் வந்துவிட்டேன். அவர் டம்ளரைக் கேட்பதற்காக வந்திருக்கிறாரா, அல்லது மோட்டார் போடலாமா என்று கேட்க வந்திருக்கிறாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.